மளிகைச் சீட்டும் கடன் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். சனிக்கிழமை தோறும் கூலி. இருவருக்கும் சேர்த்து மாதம் 34,000 ரூபாய் வரும். கிரெடிட் கார்டில் 48,000, தெரிந்தவரிடம் 3 வட்டிக்கு 50,000, மகளிர் குழுக் கடனில் பாக்கி 40,000, நகைக் கடன் 1 லட்சம் இருக்கிறது. கார்டுக்கு 2,500, கைமாற்றுக்கு வட்டி 1,500, குழுவுக்கு 2,400, நகை வட்டிக்கு 850 என்று மாதம் 7,250 கட்டுகிறோம். கடன் குறையவே இல்லை. எதை முதலில் அடைப்பது? (வாசகி, திருப்பூர்)

பதில்: தொகை பெரிதாக இருக்கும் கடன்தான் பயமுறுத்தும். ஆனால் வரிசை போட வேண்டியது வட்டியை வைத்து. நகைக் கடனுக்கு நீங்கள் கட்டுவது ஆண்டுக்குப் பத்து சதவீதம். குழுக் கடன் பெரும்பாலும் 24 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 3 வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36. கார்டுக்குப் பொதுவாக மாதம் 3.5 சதவீதம், அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் மாதம் 4.13, ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 50 சதவீதம். உங்கள் நான்கு கடன்களில் தொகையில் மூன்றாவதாக நிற்பதுதான் வட்டியில் முதலாவதாக நிற்கிறது.

48,000-க்கு ஒரு மாத வட்டியும் வரியும் 1,982 ரூபாய். நீங்கள் கட்டும் 2,500-ல் அசலுக்குப் போவது 518 மட்டும். கடன் ஏன் குறையவில்லை என்ற கேள்விக்கு இதுதான் விடை. இதே வேகத்தில் போனால், கார்டை ஒருமுறைகூடத் தேய்க்காமல் இருந்தாலும், முடிக்க 39 மாதம் ஆகும். மொத்தம் 97,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். மாதம் 5,250 கட்டினால் 12 மாதத்தில் முடிந்துவிடும், மொத்தம் 62,000-க்குள். வித்தியாசம் 35,000 ரூபாய்.

கூடுதல் 2,750-க்கு எங்கே போவது? நீங்கள் எழுதி அனுப்பிய செலவுகள்: வாடகை 6,500, பள்ளி 2,500, பெட்ரோலும் பஸ்ஸும் 2,500, கரண்ட், கேஸ், போன் 2,000, மருந்து 1,000, சாப்பாடு 11,000, கடன் 7,250. கூட்டினால் 32,750. அதாவது கையில் 1,250 மிஞ்ச வேண்டும். மிஞ்சுவதில்லை என்கிறீர்கள். அந்தப் பணம் எழுதாத செலவில் கரைகிறது. அதில் 500-ஐ தீபாவளி, பள்ளிச் சீருடை போன்றவற்றுக்குத் தனியாக ஒதுக்குங்கள். மீதி 750-ஐக் கடனுக்குக் கொண்டுவாருங்கள். வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் நீங்கள் நினைத்தவுடன் குறைக்க முடியாது. நெகிழ்ந்து கொடுக்கும் பெரிய செலவு சாப்பாடு ஒன்றுதான். அதை 11,000-லிருந்து 9,000 ஆக்கினால் 2,000 கிடைக்கும். எப்படி என்று அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

வாரக் கூலி வாங்குவதை நீங்கள் சாதகமாக்கிக்கொள்ளலாம். கார்டு வட்டி தினசரி பாக்கியின் மேல் கணக்காகிறது. மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். சனிக்கிழமை தோறும் கூலி வந்ததும், கடைக்குப் போவதற்கு முன்பே, அந்த 5,250-ன் வாரப் பங்காக 1,250 ரூபாயைக் கார்டுக்குக் கட்டிவிடுங்கள். சிக்கனம் பிடிக்கும் பல வீடுகளில் கடன் அடையாமல் இருப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. சமையலறையில் மிச்சமான காசு அங்கேயே கிடந்தால், புதன்கிழமைக்குள் வேறு எதற்காவது செலவாகிவிடும். மிச்சம் என்பது கடன் கணக்கில் ஏறிய பிறகுதான் மிச்சம்.

கார்டு முடிந்ததும் அந்த 5,250 அப்படியே கைமாற்றுக்குப் போக வேண்டும். இப்போது கட்டும் 1,500-ம் சேர்ந்து மாதம் 6,750. ஒன்பது மாதத்தில் 50,000 தீர்ந்துவிடும். கைமாற்றுக் கடனில் ஒரு சிக்கல் உண்டு. சிலர் அசலைப் பகுதி பகுதியாக வாங்க மறுப்பார்கள், முழுதாகக் கொடு என்பார்கள். ஐயாயிரம் ஐயாயிரமாக வாங்கிக்கொள்வாரா, அசல் குறையக் குறைய வட்டியும் குறையுமா என்று இப்போதே பேசிவையுங்கள். ஒவ்வொரு முறையும் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் தனி வங்கிக் கணக்கில் சேர்த்து ஒரே தவணையில் முடியுங்கள்.

அடகு வைக்காத நகை இன்னும் இருந்தால், அதை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்துக் கார்டை இன்றே அடைப்பது கணக்குப்படி சரி. 50 சதவீதக் கடன் 10 சதவீதக் கடனாக மாறும். ஆனால் காலியான கார்டு கையிலேயே இருந்தால் ஆறு மாதத்தில் இரண்டு கடனாகிவிடும். பாக்கியை அடைத்த அன்றே கார்டை மூடச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான்கு பேர் குடும்பம், குழந்தைகள் இருவரும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். சாப்பாட்டுச் செலவே 11,000 ஆகிறது. மாதம் பிறந்ததும் மொத்தமாக வாங்கியும் 20-ஆம் தேதிக்கு மறுபடி கடைக்குப் போகிறோம். எங்கே தவறு? (வாசகி, சேலம்)

பதில்: போன மாதச் சீட்டைப் பார்த்தே இந்த மாதச் சீட்டை எழுதுவது முதல் தவறு. அது நீங்கள் வாங்கியதைச் சொல்லும், தின்றதைச் சொல்லாது. டப்பாவின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, பாக்கெட் பிரித்த தேதியை எழுதுங்கள். தீர்ந்த தேதியையும் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டு அளவு தெரிந்துவிடும். நான்கு பேருக்குப் பொதுவான அளவு இது: இட்லி அரிசி உட்பட அரிசி 28 முதல் 30 கிலோ, துவரம் பருப்பு 2 கிலோ, உளுந்து ஒன்றரை முதல் 2 கிலோ, எண்ணெய் 3 லிட்டர், புளி அரை கிலோ. உங்கள் வீட்டில் எண்ணெய் 5 லிட்டர் போகிறதென்றால், பொரிப்பதும் பொரித்த எண்ணெயைக் கொட்டுவதும்தான் காரணமாக இருக்கும்.

ரேஷனை முழுதாக வாங்குகிறீர்களா? அரிசிக்குக் காசில்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இவை இரண்டையும் விட்டுவிட்டு வெளியில் வாங்கினால் மாதம் 200 ரூபாய் போகிறது. மாத முற்பகுதியிலேயே போய்விடுங்கள். தள்ளிப்போட்டால் "பருப்பு தீர்ந்துவிட்டது" என்ற பதில்தான் கிடைக்கும். ரேஷன் புழுங்கலரிசியைச் சோறாகச் சாப்பிடப் பிடிக்காதவர்கள் மாவுக்குப் போடலாம். ரேஷன் அரிசி முக்கால் கிலோ, இட்லி அரிசி கால் கிலோ, முழு வெள்ளை உளுந்து கால் கிலோ, வெந்தயம் ஒரு டீஸ்பூன். மூன்று கிலோவை ஒட்டி மாவு வரும். ரேஷன் அரிசியை மூன்று நான்கு தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஐந்து மணி நேரம் ஊறவையுங்கள். இட்லி கல்லாக வந்தால் குறை அரிசியில் இருக்காது. பழைய உளுந்தாக இருக்கும், அல்லது உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்க அரைக்காமல் ஒரேயடியாக ஊற்றியிருப்பீர்கள்.

இட்லி அரிசி 45, உளுந்து 130 என்று வைத்தால் இந்த மாவு கிலோ 15 ரூபாய்க்கு அடங்கும். கடை மாவு 45 என்றால், வாரம் மூன்று பாக்கெட் வாங்கும் வீட்டுக்கு மாதம் 350 ரூபாய்க்கு மேல் மிச்சம். (விலையை உங்கள் ஊர்க் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.)

காய்கறிக்குச் சேலத்தில் உழவர் சந்தை இருக்கிறது. 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம், இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்பது. அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள். காலை ஏழு மணிக்குள் போனால் தரம் பார்த்து எடுக்கலாம். ஆனால் ஒரு வாரத்துக்கான காயை ஒரே நாளில் அள்ளிவந்து, கீரையும் கத்தரிக்காயும் ஐந்தாம் நாள் குப்பைக்குப் போனால் லாபமே இல்லை. வாரம் இருமுறை போங்கள். முதல் இரண்டு நாளுக்குக் கீரை, வெண்டை, அடுத்து அவரை, முள்ளங்கி, கடைசியில் பூசணி, சேனை, வாழைக்காய் என்று கெடும் வரிசையில் சமையுங்கள். பரங்கி, சுரை, பப்பாளிக்காய், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை ஆகியவை பெரும்பாலான மாதங்களில் மலிவு. மழைக்காலத்தில் முருங்கைக்காய் விலை ஏறிவிடும், பங்குனி சித்திரையில் கொட்டிக் கிடக்கும். தக்காளி ஏறும்போது கிலோ கணக்கில் வாங்காமல் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, பருப்பு ரசம் என்று மாறிவிடுங்கள். முகூர்த்த நாளையொட்டித் தேங்காய், எலுமிச்சை, காய் எல்லாமே ஏறும். காலண்டரைப் பார்த்து இரண்டு நாள் முன்பின் வாங்கலாம். இதில் 400 ரூபாய் நிற்கும்.

பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் யு.எஸ்.பி. என்று ஒன்று அச்சிட்டிருக்கும். ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பது அது. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பாதீர்கள். ஷாம்புவில் பல நேரம் சாஷேதான் பாட்டிலைவிட மலிவு. எண்ணெய்க் கவரில் எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராமை ஒட்டி இருக்கும். அதே அளவுக் கவரில் 800 கிராம் போட்டு விலையைக் குறைத்துக் காட்டுபவர்கள் உண்டு.

மாலை நேரப் பலகாரம் பலர் கணக்கில் வராத செலவு. பேக்கரியில் நாளுக்கு 40 ரூபாய் என்றால் இருபது நாளில் 800. கொண்டைக்கடலை 150 கிராமை இரவே ஊறவைத்துச் சுண்டல் செய்தால் நான்கு பேருக்கு 20 ரூபாய்க்குள் முடியும். தட்டைப்பயறு, வேர்க்கடலை என்று மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பசியும் அடங்கும், மாதம் 400-க்குக் குறையாமல் மிஞ்சும். இருபதாம் தேதிக்கு மேல் "ஒரு பொருள்தானே" என்று போய் 200 ரூபாய்க்கு வாங்கி வரும் நடைகளை நிறுத்தினால் இன்னும் ஐந்நூறு, அறுநூறு. ஆன்லைனில் வாங்கும்போது டெலிவரிக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகத் தேவையில்லாததைச் சேர்ப்பதும் இதில் அடங்கும். எல்லாம் கூட்டினால் திருப்பூர் வாசகிக்குச் சொன்ன 2,000-ஐ ஒட்டி வருகிறது.

முட்டை, பருப்பு, பிள்ளைகளின் பால் ஆகியவற்றில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள். அங்கே குறைத்தால் மருந்துச் செலவாகத் திரும்பி வரும். அரசுப் பள்ளி மதிய உணவில் முட்டை உண்டு, ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. அதைச் சாப்பிடுவதில் குறைவு ஒன்றுமில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: ஆண்டுக்குத் தேவையான புளி, மிளகாய், பருப்பை அறுவடைக் காலத்திலேயே வாங்கிவைத்தால் மலிவு என்கிறார்கள். வாங்கினால் வண்டு விழுகிறது. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கையில் சொந்தக் காசு இருந்தால் மாசி, பங்குனியில் புதுப்புளியும் மிளகாயும் வாங்குவது நல்ல பழக்கம். கடன் இருக்கும்போது அப்படி இல்லை. 6,000 ரூபாய்க்கு ஆறு மாதச் சரக்கு வாங்கி 600 ரூபாய் மிச்சம் பிடித்தால், அதே 6,000-ஐ 3 வட்டிக் கடனில் கட்டியிருந்தால் ஆறு மாதத்தில் 1,080 ரூபாய் வட்டி மிஞ்சியிருக்கும். வட்டிக் கடன் தீரும் வரை புளியை மட்டும் மொத்தமாக வாங்குங்கள், கொட்டை நீக்கிக் கல்லுப்பு கலந்து பானையில் வைத்தால் கெடாது. பருப்பு இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம்.

வண்டுக்குக் காரணம் ஈரம். பருப்பை ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் தடவினால் துவரையில் வண்டு வராது, சமைக்கும் முன் கழுவிவிடலாம். ரவையை லேசாக வறுத்து வையுங்கள். அரிசியை வெயிலில் போட்டால் நொறுங்கும். நிழலில் காற்றாட உலர்த்தி, காய்ந்த வேப்பிலை போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதையும் சேர்த்து வைக்காதீர்கள்.

கேள்வி: தினத் தண்டல் வாங்கலாமா? 10,000 ரூபாய்க்கு 8,500 தருகிறார்கள், நாளுக்கு 100 வீதம் நூறு நாள். வட்டி 1,500 தானே? (வாசகர், விழுப்புரம்)

பதில்: வேண்டாம். 8,500 ரூபாயும் நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கிறீர்கள். சராசரியாக உங்களிடம் இருப்பது அதில் பாதிதான். அதற்கு நூறு நாளில் 1,500 என்றால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் மீட்டர் வட்டியையும் சேர்த்தே தடுக்கிறது. ஏற்கெனவே வாங்கியிருந்தால், கொடுத்த தொகையைத் தேதியோடு எழுதிவையுங்கள். மிரட்டல் வந்தால் போலீசில் புகார் கொடுக்க அந்தக் குறிப்பு உதவும்.

கேள்வி: குழுக் கடன் வசூலிக்க இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசலில் நிற்கிறார்கள். (வாசகி, கடலூர்)

பதில்: நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் கொடுத்த விதிகள்படி, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் கடன் வாங்கியவரை அழைத்துத் தொல்லை கொடுக்கக் கூடாது, அவமானப்படுத்தும் பேச்சும் கூடாது. உங்கள் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் கொடுக்கவும் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு எண்ணில் புகார் பதிவு செய்து, அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குழுக் கடனின் தவணை அட்டையிலேயே குறைதீர்ப்புத் தொலைபேசி எண் இருக்கும். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. தவணை கட்டும்போதெல்லாம் அட்டையில் பதிந்து வாங்குங்கள். குழுத் தலைவி கையில் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் இருப்பதால்தான், கட்டிய பணத்தையே மறுபடி கேட்கும் நிலை வருகிறது.