கேள்வி–பதில்: கழிமுக நீரில் அமோனியா

கேள்வி: எங்கள் உயர்தர மாணவர்கள் தோட்டத்து ஓடை நீரில் பீனோல் முறையால் (அமோனியா இருந்தால் நீர் நீலமாகும் சோதனை) அமோனியா அளந்தபோது நல்ல நீலநிறம் வந்தது. மூதூர்ப் பக்கம் மகாவலி கடலில் கலக்கும் இடத்து நீரில் அதையே செய்தபோது குழாய் வெண்மையாகக் கலங்கிவிட்டது. ஏன்?
(ஆசிரியை, ஹட்டன்)

பதில்: கலக்கியது மக்னீசியம். கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.3 கிராம் மக்னீசியம் உண்டு. காரம் சேர்ந்ததும் அது ஐதரொட்சைட்டாக வீழ்படியும். ஓடை நீரில் அது மிகக் குறைவு என்பதால் உங்களுக்குத் தெரியவில்லை. சித்திரிக் அமிலத்தின் உப்பான சித்திரேற்றைச் சேர்த்தால் அது மக்னீசியத்தைக் கரைசலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

500 மில்லிலீற்றர் நீரில் 100 கிராம் முச்சோடியம் சித்திரேற்றும் 5 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டும் கரையுங்கள். இதில் 4 பங்குக்கு 1 பங்கு புதிய ஐப்போகுளோரைற்றுக் கரைசலை (வெளிற்றித் திரவம்) அன்றன்றே கலக்க வேண்டும். திறந்து நாளான வெளிற்றித் திரவம் வலுவிழந்திருக்கும். நிறம் வராமைக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். பின்பு 50 மில்லிலீற்றர் மாதிரிக்கு 10% பீனோல்–மதுசாரக் கரைசல் 2, நிறம் தோன்றுவதை விரைவாக்கும் 0.5% நைற்றிரோபுரூசைட்டு 2, மேற்கூறிய கலவை 5 மில்லிலீற்றர் என்ற வரிசையில் ஊற்றிக் கலக்குங்கள். ஒரு மணித்தியாலம் மூடி இருட்டில் வைத்து, 640 நனோமீற்றரில் உறிஞ்சலை வாசியுங்கள். மலைநாட்டுக் குளிரில் நிறம் மெதுவாகவே ஏறும். குழாய்களை 25 பாகை நீர்த்தொட்டியில் வையுங்கள். பீனோல் தோலைச் சுடும், நச்சும்கூட. கையுறை போட்டு, புகைபோக்கியின் கீழ் ஆசிரியரே ஊற்றட்டும்.

அதைவிட முக்கியம் நியமக் கரைசல், அதாவது செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல். உப்பு மாறினால் நிறத்தின் கடுமையும் மாறும், கழிமுகத்திலோ உவர்ப்பு வற்றுக்கும் பெருக்குக்கும் மாறிக்கொண்டேயிருக்கும். ஆகவே காய்ச்சி வடித்த நீரில் செய்து வரைந்த செறிவு–உறிஞ்சல் வளையியை அங்கே நம்பக் கூடாது. உலர்த்திய அமோனியம் குளோரைட்டு 0.5349 கிராமை 1 லீற்றரில் கரைத்து 100 மடங்கு ஐதாக்கினால் லீற்றருக்கு 100 மைக்ரோமோல் கொண்ட கரைசல் கிடைக்கும். அதில் 0.5 மில்லிலீற்றரை அதே மாதிரியின் இன்னொரு 50 மில்லிலீற்றரில் சேருங்கள். செறிவு ஏறத்தாழ 1 மைக்ரோமோல் உயரும்; உறிஞ்சல் எவ்வளவு கூடுகிறதோ அதுவே அந்த நீருக்கான அளவுகோல்.

மாதிரியைப் பஸ்ஸில் அப்படியே மலைக்குக் கொண்டுவராதீர்கள். நுண்ணுயிர்கள் வழியிலேயே அளவை மாற்றிவிடும். அங்கேயே வடித்துச் சோதியுங்கள். முடியாவிட்டால் உடனே உறையவையுங்கள். யூரியா மூடை வைத்த களஞ்சியம், கழிவறை, சிகரெட் புகை இவற்றின் பக்கம் போத்தலைத் திறக்கவே கூடாது. காற்றில் வரும் அமோனியாவே போதும், அமோனியா சேர்க்காத வெற்று மாதிரியும் நீலமாகிவிடும்.

கேள்வி: மீன்தொட்டிச் சோதனைப் பெட்டி கடல்நீருக்கு 0 காட்டுகிறது. அமோனியா இல்லையென்று கொள்ளலாமா?
(வாசகர், நுவரெலியா)

பதில்: கொள்ள முடியாது. பெட்டியின் நிற அட்டையில் முதல் படி பெரும்பாலும் லீற்றருக்கு 0.25 மில்லிகிராம். அதை நைதரசனாகக் கணக்கிட்டால் லீற்றருக்கு ஏறத்தாழ 18 மைக்ரோமோல். மாசுபடாத திறந்த கடலில் 1 மைக்ரோமோலுக்கும் குறைவாகவே பொதுவாக இருக்கும். மீன் சாகுமா என்று பார்க்கப் பெட்டி போதும். ஆற்றோடு கடலுக்கு எவ்வளவு உரம் போகிறது என்று அறிய அது உதவாது.