வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடிக்காதீர்கள், தம்பி

தம்பி, டாலஸில் வேலை உறுதியாகி, மனைவியோடும் மூன்று வயதுக் குழந்தையோடும் கிளம்பப் போகிறீர்கள். பெட்ரோல் விலையும் மளிகை விலையும் இப்படி ஏறிக்கிடக்கிறதே, ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியுமா, ஆபீஸிலிருந்து 35 மைல் தள்ளி வாடகை 300 டாலர் குறைவாக ஒரு வீடு இருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பம் தாராளமாக நடத்தலாம். அந்த வீட்டை மட்டும் எடுக்காதீர்கள்.

முதலில் கேஸ் கணக்கு. இங்கே கேஸ் என்றால் பெட்ரோல். ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டர், 3 டாலர் என்றால் நீங்கள் உடனே லிட்டருக்கு மாற்றி, ரூபாய்க்கு மாற்றி, நம் ஊரைவிட மலிவாக இருக்கிறதே என்று நினைப்பீர்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எத்தனை லிட்டர் போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. போக 35, வர 35, மாதம் 22 நாள் என்றால் 1,540 மைல். கேலனுக்கு 25 மைல் கொடுக்கும் காருக்கு ஏறக்குறைய 62 கேலன் வேண்டும். 3 டாலர் விலையில் 185 டாலர் ஆகிறது. அதுவே நாலரை டாலர் ஆனால் 280 டாலர். டோல் ரோட்டில் போனால் அது தனி. டயரும் ஆயில் சேஞ்சும் சீக்கிரம் வந்து நிற்கும். வாடகையில் மிச்சம் பிடித்த 300 டாலர் எங்கே போனது என்றே தெரியாது.

விலை அவ்வளவு ஏறுமா என்று கேட்கலாம். ஏறியிருக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. ஜூனில் அமெரிக்கச் சராசரி விலை முதல் முறையாக 5 டாலரைத் தாண்டியது. டாலஸ் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் எப்போதும் கொஞ்சம் குறைவு, இங்கேயே நாலரையைத் தாண்டிப் போனது. நம் ஊரில் பெட்ரோல் விலையில் வரிக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே மத்திய அரசின் வரி கேலனுக்கு 18.4 சென்ட், 1993-லிருந்து மாறவில்லை. டெக்சாஸ் வரி 20 சென்ட். மீதியில் பெரும்பகுதி கச்சா எண்ணெயின் விலைதான். அதனால் உலகத்தில் எங்கோ சண்டை மூண்டால் சில நாளிலேயே நம் தெருமுனை பெட்ரோல் பங்க் போர்டில் எண் மாறிவிடும்.

அந்தக் கோடையில் எனக்கு வலி பெரிதாக இல்லை, பல நாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். பக்கத்து அப்பார்ட்மெண்டில் ஓர் அம்மா இருந்தார். வயதானவர்களை அவரவர் வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை, மணிக்கு 13 டாலர். காலையில் ஒரு வீடு, மதியம் நகரத்தின் வேறொரு மூலையில் இன்னொரு வீடு. நடுவில் ஓட்டும் மைலுக்குச் சம்பளம் கிடையாது. அவர் டேங்க் நிரப்பி நான் பார்த்ததில்லை. பங்க் கடைக்குள்ளே போய்ப் பத்து டாலரை நீட்டி, அந்த அளவுக்கு மட்டும் போட்டுக்கொண்டு வருவார். வாரம் தவறாமல் தள்ளியிருக்கும் வேக்கோ ஊரில் வசிக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர், மாதம் ஒருமுறை என்று குறைத்துக்கொண்டார். அதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் இறங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை. மாதம் கூடுதலாக 90 டாலர் என்றால் நமக்கு ஓர் எரிச்சல். அவருக்கு அது ஏழு மணி நேர உழைப்பு. டெக்சாஸில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து அதேதான். அமெரிக்கர்கள் எல்லோரும் வசதியாக இருக்கிறார்கள் என்ற எண்ணத்தோடு வராதீர்கள். சனிக்கிழமை காலையில் சர்ச்சில் இலவச மளிகை கொடுக்கும்போது உதவிக்குப் போயிருக்கிறேன். வரிசையில் நின்ற கார்களில் கடைச் சீருடையோடு இருந்தவர்கள் எத்தனையோ பேர். எல்லோரும் வேலை பார்க்கிறவர்கள்தான், தம்பி.

டீசல் ஏறினால் பாலும் காய்கறியும் ஏறும், எல்லாம் லாரியில் வருகிறது. அதே 2022 ஜூனில் டீசல் ஐந்தே முக்கால் டாலரைத் தாண்டியது, பணவீக்கம் 9.1 சதவீதம், 40 ஆண்டுகளில் இல்லாத அளவு. அப்புறம் பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தி வந்ததும் என் மனைவி கடைக்குப் போய்விட்டு வந்து, எதுவும் குறையவில்லையே என்றாள். அவள் சொன்னது சரி. ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை அங்கேயே நின்றுவிட்டது. இதை மனதில் வைத்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

நம் சமையலறைக்கு வேறு வழியிலும் அடி வரும். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதும் இந்தியன் ஸ்டோரில் ஒரே கூட்டம், குடும்பத்துக்கு ஒரு மூட்டைதான் என்று எழுதி ஒட்டினார்கள். அதற்காக இப்போதே பெட்டியில் அரிசி அடைத்துக்கொண்டு வர வேண்டாம். இங்கே வந்து ஒரு மூட்டை கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். டாலஸுக்கு வெளியே தள்ளியிருக்கும் ஃபிரிஸ்கோ, மெக்கின்னி போன்ற ஊர்கள் டாலஸின் டார்ட் ரயில், பஸ் அமைப்பில் சேரவே இல்லை. நீங்கள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால் உங்கள் மனைவி குழந்தையோடு வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான். ஆறே மாதத்தில் இரண்டாவது கார் வாங்குவீர்கள். கார் இன்சூரன்ஸ் 2024 தொடக்கத்தில் ஒரே ஆண்டில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அமெரிக்காவில் ஓட்டிய அனுபவம் இல்லாத புதியவருக்கு இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள். கடன் வாங்கி கார் எடுத்தால் வட்டி வேறு. கிரெடிட் கார்டில் பாக்கி வைப்பதை நினைக்கவே வேண்டாம், 20 சதவீதத்துக்கு மேல் போகும்.

ஆபீஸ் பக்கமாக, மளிகைக்கடையும் பூங்காவும் நடந்து போகும் தூரத்தில், ஒரு பெட்ரூம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, பாருங்கள். லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தம், முதலில் ஒரு வருடத்துக்கு மேல் போடாதீர்கள். ஆபீஸ் எந்தச் சாலைப் பக்கம் என்று எழுதினால், அந்தப் பகுதியில் எந்த அப்பார்ட்மெண்ட்டிலிருந்து ரயிலுக்கு நடந்து போகலாம் என்று நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.