எதைத் தடை செய்யலாம்? வன்னியில் இருந்து வந்த கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பி.எச்.ஐ. ஒருவரின் பதில்கள்

நான் இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக (பி.எச்.ஐ.) வேலை செய்து ஓய்வு பெற்றவன். கடை கடையாக ஏறி உணவு மாதிரி எடுப்பதும், வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்தில் போய்ச் சொல்வதும்தான் என் தொழில். உணவுப் பொருட்களுக்கு அரசாங்கம் போடும் தடைகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். நஞ்சு என்று நிரூபணமான ஒன்றைத் தடை செய்ய வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் டொலரை மிச்சம் பிடிக்கப் போடும் தடையைச் சுகாதாரத் தடை மாதிரிக் காட்டுவதும், மாற்று வழி சொல்லாமல் ஒரே இரவில் போடுவதும் சனத்துக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு, பலசரக்குக் கடை வைத்திருப்பவர்): ஐயா, மஞ்சள் இறக்குமதியைத் தடை செய்த காலத்தில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. உள்ளூர் விவசாயியைக் காப்பாற்றத்தான் தடை என்றார்கள். அது நல்லதா, கெட்டதா?

பதில்: தம்பி, 2019 கடைசியில் அந்தத் தடை வந்தது. மஞ்சள் கிழங்கு நட்டுக் கிண்டி எடுக்க எட்டு ஒன்பது மாதமாவது வேண்டும். நாட்டுக்குத் தேவையான மஞ்சளில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து வந்துகொண்டிருந்தது. விளைச்சல் வருவதற்கு முன்பே கதவைச் சாத்தினார்கள். அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்தது, வீட்டு வாசலில் எல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினோம். கிலோ சில நூறு ரூபாயாக இருந்தது பல ஆயிரத்துக்கு ஏறியது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்: மன்னார்க் கரையில் இரவோடு இரவாக மூட்டைகள் இறங்கின, கடற்படை பிடித்ததும் உண்டு, பிடிபடாமல் கடைக்கு வந்ததும் உண்டு.

என் கவலை அந்த மூட்டைகளை விட, கடையில் விற்ற தூளைப் பற்றியது. விலை ஏறிய பொருளில் கலப்படம் வராமல் இருக்காது. அரிசி மாவையும் கோதுமை மாவையும் கலந்து, நிறத்துக்குச் சாயம் போட்ட தூளைச் சனம் நல்ல மஞ்சள் என்று நம்பிக் கறிக்குப் போட்டது. கலப்படத்தில் மாவு பரவாயில்லை, சாயம்தான் ஆபத்து. பங்களாதேஷில் மஞ்சளுக்குப் பளபளப்புக் கொடுக்க ஈயக் குரோமேற்று என்ற ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைச் சேர்த்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளையைத் தாக்கும், வந்த பாதிப்பைத் திருத்த முடியாது. அதாவது, தடைக்கு முன் இறக்குமதி மஞ்சள் துறைமுகத்தில் பரிசோதனைக்கு உட்பட்டு வந்தது, தடைக்குப் பின் பரிசோதனையே இல்லாத வழியால் வந்தது. சுகாதாரக் கண்ணால் பார்த்தால் இது முன்னேற்றமா?

உள்ளூர் விவசாயியைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கும் முழு உடன்பாடு. அதற்கு விதைக் கிழங்கு கொடுத்து, இரண்டு மூன்று போகத்துக்கு வரியைப் படிப்படியாகக் கூட்டி, பிறகு மூடியிருக்கலாம்.

வீட்டில் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் எடுத்து ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைப் போட்டு, கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் மெல்ல அடியில் படியும், மேலே தண்ணீர் வெளிறிய மஞ்சளாக நிற்கும். தண்ணீர் முழுவதும் கடும் மஞ்சளாகிவிட்டால் அந்தத் தூளைச் சந்தேகப்படலாம். இது ஆய்வுகூட முடிவுக்குச் சமன் இல்லை. முடிந்தவர்கள் கட்டி மஞ்சள் வாங்கி மில்லில் கொடுத்து அரைப்பதுதான் நல்லது.

கேள்வி (நெடுங்கேணி, விவசாயி): மஞ்சள் சரி. உழுந்துத் தடையால் எங்களுக்கு நல்ல விலை கிடைத்ததே? அதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

பதில்: சொல்லத்தான் வேண்டும் அண்ணை. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மேட்டுக் காணிகளில் உழுந்து நெடுங்காலமாக விளைகிறது. விதை கையில் இருந்தது, பயிரின் பக்குவமும் தெரியும், மூன்று மாதத்தில் அறுவடை. மஞ்சளுக்கு இல்லாத இந்த வசதி உழுந்துக்கு இருந்ததால்தான் 2020இல் இறக்குமதியை நிறுத்தியபோது உங்கள் கைக்குக் கொஞ்சம் காசு வந்தது. ஆனால் தோசைக்கடைக்காரரும், பிள்ளைப்பெற்ற வீட்டுக்கு உழுந்துமா வாங்கும் ஏழைத் தாயும் அந்த விலையைக் கொடுத்தார்கள். அறுவடை நேரம் மழை பெய்து காய் முளைத்த ஆண்டுகளில் உங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. எனவே இந்தத் தடையை நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன். களஞ்சியமும் உத்தரவாத விலையும் சேர்ந்து வந்திருந்தால் இன்னும் நின்று பிடித்திருக்கும்.

கேள்வி (பரந்தன், பேக்கரி வேலை செய்யும் தம்பி): 2021இல் பாம் எண்ணெயைத் தடை செய்தார்கள். அது அவ்வளவு கூடாததா? தேங்காய் எண்ணெய் நல்லதுதானே?

பதில்: அந்த ஆண்டு மார்ச்சில், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருந்ததாகப் பெரிய சத்தம் எழுந்தது. ஏப்ரலில் பாம் எண்ணெய் இறக்குமதிக்கும் எண்ணெய்ப்பனைச் செய்கைக்கும் தடை என்று அறிவித்தார்கள். இரண்டும் அடுத்தடுத்து வந்ததால், பாம் எண்ணெயில்தான் நஞ்சு என்று பலர் நினைத்தார்கள். அப்படி இல்லை. அஃப்ளாடொக்சின் சிக்கல் எழுந்தது தேங்காய் எண்ணெயில்.

கொழுப்பைப் பார்த்தால், பாம் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல். எனவே இதயத்தைக் காப்பாற்றத்தான் இந்தத் தடை என்றால் கணக்குச் சரிவராது. எண்ணெய்ப்பனைத் தோட்டம் நிலத்தடி நீரையும் மண்ணையும் கெடுக்கிறது என்ற வாதம் வேறு, அதை அந்தப் பெயரிலேயே பேச வேண்டும்.

பேக்கரிக்காரர் உண்மையில் பயப்பட வேண்டியது ட்ரான்ஸ் கொழுப்புக்கு. திரவ எண்ணெயை அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றிக் கட்டியாக்கும்போது உண்டாவது அது. மலிவான மாஜரின், வனஸ்பதி, அதில் செய்த பேஸ்ட்ரி எல்லாவற்றிலும் இருக்கலாம். கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டி, நல்லதைக் குறைத்துவிடும். டென்மார்க் 2003இலேயே 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அமெரிக்கா 2015இல் முடிவெடுத்து, கம்பனிகள் மாறிக்கொள்ள 2018 ஜூன் வரை காலம் கொடுத்தது. உலக சுகாதார நிறுவனமும் 2018இல் எல்லா நாடுகளையும் இதை ஒழிக்கச் சொன்னது. தடை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: பொருள் எது என்று தெளிவு, அளவு தெளிவு, மாறுவதற்குக் காலம், பதிலுக்குப் பாவிக்க வேறு எண்ணெய். பணிஸின் சுவை மாறவில்லை, ஆட்களின் இதயம் பிழைத்தது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு தம்பி. மாஜரின் பெட்டியின் பின்பக்கத்தை வாசியுங்கள். பகுதியளவு ஹைட்ரஜனேற்றப்பட்டது என்று இருந்தால் முதலாளியிடம் வேறு வாங்கச் சொல்லுங்கள். றோல்ஸ் பொரித்த எண்ணெயைக் கறுக்கும் வரை திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம்.

கேள்வி (முள்ளியவளை, தாய்): தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்களாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனால் பிள்ளை தும்புமுட்டாஸ் கேட்டு அழுகிறது. வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, தும்புமுட்டாஸ் என்பது சீனியை உருக்கிச் சுழற்றி இழையாக்குவதுதான். வெள்ளையாக இருந்தால் அதில் சீனியைத் தவிரப் பயப்பட ஒன்றுமில்லை. 2024 பெப்ரவரியில் புதுச்சேரியும், அதைத் தொடர்ந்து தமிழ்நாடும் தடை செய்ததற்குக் காரணம் ரோடமின் பி. துணிக்கும் தாளுக்கும் போடும் சாயம் அது. உணவில் சேர்க்க எந்த அளவிலும் அனுமதி இல்லை. மலிவு, துளி போட்டாலே கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறம் வரும், அதனால்தான் சிலர் போடுகிறார்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் நிறம் போடாததை வாங்குங்கள்.

கேள்வி (வவுனியா, உயர்தர மாணவி): அமெரிக்காவில் சிவப்பு நிறம் ஒன்றைத் தடை செய்ததும் இதே காரணமா?

பதில்: இல்லை பிள்ளை. அது சிவப்பு 3, எரித்ரோசின் என்பார்கள். அனுமதி பெற்றிருந்த உணவு நிறம். 1958இல் அமெரிக்கா ஒரு விதியைக் கொண்டு வந்தது: மனிதரிலோ விலங்கிலோ புற்றுநோயை உண்டாக்கும் சேர்மானத்துக்கு அனுமதி கிடையாது, அளவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் சரி. ஆண் எலிகளுக்குப் பெரிய அளவில் கொடுத்தபோது தைரொயிட் கட்டி வந்ததால், 1990இல் அழகுசாதனப் பொருட்களில் அந்த நிறத்தை நிறுத்தினார்கள். உணவில் நிறுத்தும் முடிவு 2025 ஜனவரியில்தான் வந்தது. உதட்டுக்குப் பூசக் கூடாதது 35 வருடம் பிள்ளைகளின் இனிப்பில் இருந்திருக்கிறது. எலியில் நடந்தது மனிதரில் அப்படியே நடப்பதில்லை என்றுதான் அங்குள்ள அதிகாரிகளும் சொல்கிறார்கள், ஆனாலும் நிறத்துக்காக மட்டும் சேர்க்கும் ஒன்றில் சந்தேகத்தின் பலன் பிள்ளைக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி (கிளிநொச்சி, சாப்பாட்டுக்கடை): அஜினோமோட்டோவைத் தடை செய்யச் சொல்லி எழுதுங்கள் ஐயா. எல்லா வருத்தமும் அதனால்தான் என்கிறார்கள்.

பதில்: எழுதமாட்டேன். 1908இல் ஜப்பானில் இக்கேடா என்ற விஞ்ஞானி கடற்பாசியில் இருந்து பிரித்தெடுத்தது அது. அதன் சுவைக்குக் காரணமான குளூட்டமேற்று தக்காளியிலும் கருவாட்டிலும் இயற்கையாகவே உண்டு. பாகிஸ்தானில் 2018இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை போட்டார்கள், ஆனால் அறிவியல் அந்தப் பக்கம் இல்லை. வெறும் வயிற்றில் நிறையச் சாப்பிட்டால் சிலருக்குத் தலையிடி வரலாம். கொத்துரொட்டியில் நீங்கள் குறைக்க வேண்டியது உப்பை. உப்பில் சோடியம் 39 சதவீதம், அஜினோமோட்டோவில் 12 சதவீதமளவுதான்.

கேள்வி (செட்டிகுளம், நெற்செய்கையாளர்): களைநாசினித் தடையால் சிறுநீரக நோய் குறைந்ததா? பசளைத் தடையைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: கிளைபோசேட் என்ற களைநாசினியை 2015இல் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டார்கள், 2022இல் தடையை எடுத்தார்கள். உங்கள் பக்கத்திலும் அநுராதபுரத்திலும் சிறுநீரக நோயால் குடும்பங்கள் அழிவதைக் கண்ணால் கண்டவன் நான். ஏதாவது செய்யுங்கள் என்று சனம் கேட்டது நியாயம். ஆனால் அந்த நோய்க்கு ஒற்றைக் காரணம் இதுதான் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட், வெயிலில் தண்ணீர் குடியாமல் வேலை செய்வது என்று பலதும் பேசப்படுகின்றன. களைநாசினியைத் தடை செய்ததும், வேலை முடிந்தது என்ற எண்ணம் வந்துவிட்டது. வடிகட்டிய குடிநீர் ஒவ்வொரு ஊருக்கும் போய்ச் சேர வேண்டிய அவசரம் தடையின் சத்தத்தில் அமுங்கிப் போனதுதான் எனக்கு ஆறாத கோபம்.

இரசாயனப் பசளைத் தடை 2021இல் வந்து அந்த நவம்பரிலேயே எடுபட்டது. அதற்குள் காலபோக நெற்செய்கை பாழ். எங்கள் ஆட்களுக்கு யூரியா இல்லாமல் வயல் செய்வது புதிது இல்லை. யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையில் உரம், சீமெந்து, எரிபொருள், பற்றரி எல்லாம் ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அங்கால் நின்றது. அந்தத் தடைக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார்கள், இதற்கு நஞ்சற்ற உணவு என்று பெயர் வைத்தார்கள். வயிறு ஒன்றுதான். ஆகவே வன்னியில் ஒருவர் தடை என்றதும் ஏன், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டால், அதிகாரிகள் அவரை அறியாமை என்று தள்ளிவிடக்கூடாது.

கேள்வி (பேசாலை): மாடு அறுக்கத் தடை, ஆமை பிடிக்கத் தடை. எங்கள் சாப்பாட்டில் மட்டும் ஏன் கை வைக்கிறார்கள்?

பதில்: இரண்டும் வேறு வேறு. கடலாமை அழிந்துகொண்டிருக்கும் உயிர், அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பது சரி. சில ஆமைகளின் இறைச்சியே நஞ்சாகி உயிரை எடுப்பதும் உண்டு, சமைத்தாலும் போகாது. பேத்தை மீனும் அப்படித்தான். அதன் நஞ்சுக்கு முறிவு மருந்து இல்லை, தயவுசெய்து கருவாடாகக்கூட வேண்டாம்.

மாடு அறுப்புத் தடைக்கு 2020 செப்டெம்பரில் அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. அதே தீர்மானத்தில், மாட்டிறைச்சி உண்பவர்களுக்கு வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்து கொடுக்கலாம் என்றும் இருந்தது. மஞ்சளுக்கு டொலர் இல்லை என்ற அதே காலம். இது சுகாதாரமும் இல்லை, சிக்கனமும் இல்லை. நான் மாட்டிறைச்சி உண்பதில்லை. ஆனாலும் என் நம்பிக்கையை அயலவர் சட்டியில் சட்டமாகப் போட எனக்கு உரிமை இல்லை. கொல்களம் சுத்தமாக இருக்கிறதா, மாடு களவெடுத்ததா, நோயுள்ளதா என்று பார்ப்பதுதான் அரசாங்கத்தின் வேலை.

கேள்வி (ஒட்டுசுட்டான்): கடையில் வாங்கிய தூளில் சந்தேகம். வீட்டில் திறந்த பக்கற்றைக் கொண்டுவந்து தந்தால் வழக்குப் போடுவீர்களா?

பதில்: திறந்த பக்கற் தகவலுக்கு உதவும், வழக்குக்குச் சாட்சியாக நிற்காது. பில்லையும் பக்கற்றையும் எறியாமல், தொகுதி இலக்கத்தோடு சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். பி.எச்.ஐ. அதே கடையில் காசு கொடுத்து மாதிரி வாங்குவார். கடைக்காரர் கண்முன்னே மூன்று பங்காகப் பிரித்து, கட்டி, அரக்கு முத்திரை வைப்பார். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று பகுப்பாய்வாளருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. முடிவு வர நாள் எடுக்கும். அதுவரை அந்தத் தூளைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம், கொட்டவும் வேண்டாம்.