ஒன்லைனில் விற்கிற மலையகக் கடைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஹட்டனில் சின்னக் கடைகளுக்கு பேஸ்புக் பக்கம், கூகுள் பதிவு, வட்ஸ்அப் விற்பனை எல்லாம் எட்டு வருடமாகப் பார்த்துக் கொடுக்கிறேன். விளம்பரம் பற்றி மனதில் இருப்பதைக் கேளுங்கள் என்றேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். அடிக்கடி வந்த கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

அக்கா, நான் அப்புத்தளை. தூள் வாங்கிப் பாக்கெட் போட்டு விற்கிறேன். ‘நுவரெலியா தேயிலை’ என்று போட்டால்தான் கொழும்பில் வாங்குகிறார்கள். போடலாமா?

நுவரெலியாவில் விளைந்த தூள் இல்லையென்றால் வேண்டாம் தம்பி. நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடபுசல்லாவ, கண்டி, ருஹுணு, சப்ரகமுவ என்று நம் தேயிலையை ஏழு பிரதேசமாகப் பிரித்திருப்பதே ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவை இருப்பதால்தான். அப்புத்தளை ஊவாவில் வருகிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது வரும் ஊவாத் தூளைத் தேடி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இவ்வளவு பெயர் உள்ள ஊரில் இருந்துகொண்டு பக்கத்து ஊர்ப் பெயர் எதற்கு?

முதலில் தூள் தருகிறவரிடம் எந்தத் தொழிற்சாலைத் தூள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கலவை என்றால் ‘இலங்கைத் தேயிலை’ என்று மட்டும் போடுங்கள். பாக்கெட்டுகளில் பார்க்கிற சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தம். முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இங்கேயே பொதி செய்து, அனுமதியும் எடுத்தால்தான் அதைப் போடலாம். நெட்டில் எடுத்து ஒட்டாதீர்கள். ஒரு கரண்டித் தூளை வெள்ளைத் தாளில் கொட்டி, பக்கத்தில் ஒரு கிளாஸ் சாயத்தை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். தேயிலை தெரிந்தவர்களுக்கு அது போதும்.

தலவாக்கலையிலிருந்து கேட்கிறேன். கொழுந்து எடுக்கும் அம்மாக்களின் படம் போட்டால் நல்ல ரீச் வருகிறது. ரோட்டில் நின்று எடுத்த படம்தானே, அனுமதி கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும். என் அம்மாவும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனவர், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எங்கள் டிவிசன் (தோட்டப் பிரிவு) அக்கா ஒருவரின் முகம் ஒரு முறை ஒரு தேயிலை விளம்பரத்தில் வந்தது. மகள்தான் போனில் காட்டியிருக்கிறாள். யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று அவருக்கு எதுவுமே தெரியாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: “அன்றைக்கு இந்தக் கிழிந்த படங்கையா கட்டியிருந்தேன்?” படங்கு என்பது கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுவது. அந்த முகத்தை வைத்துத்தான் பாக்கெட் விற்றது. அவருக்கு ஒரு பாக்கெட் தூள்கூட யாரும் கொடுக்கவில்லை.

அதனால் நான் செய்வது இப்படி. கொழுந்தை எடை போட்டு முடியும்வரை காத்திருப்பேன். கொழுந்து எடுக்கிற நேரத்தில் கூப்பிட்டு நிற்கவைத்தால் அவர்களின் கிலோ குறையும். எந்தப் பக்கத்தில் வரும், எதை விற்பதற்காக என்பதைத் தமிழில் சொல்லி, எடுத்த படத்தைக் காட்டுவேன். நேரத்துக்குப் பணம் கொடுப்பேன். வேலையை மேற்பார்க்கிற கங்காணி சரி என்றால் அது அந்த அம்மாவின் சம்மதம் ஆகாது. கங்காணி முன்னால் ‘வேண்டாம்’ என்று சொல்லப் பலருக்குத் துணிவு வராது, ஆகவே தனியாகக் கேளுங்கள். பிறகு படத்தை நீக்கச் சொன்னால் அன்றைக்கே நீக்கிவிடுங்கள். பிள்ளைகளின் படம் வேண்டவே வேண்டாம்.

எல்லயில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிறேன். யாரோ ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். சொந்தக்காரர்களைக் கொண்டு பத்து நல்ல ரிவியூ எழுதினால் என்ன?

கூகுள் கண்டுபிடித்தால் அந்தப் பத்தும் போகும், சிலவேளை உண்மையானதும் சேர்ந்து போகும். தள்ளுபடி தருகிறேன் என்று எழுதச் சொல்வதும் அவர்களின் விதிக்கு எதிரானது. வந்து தங்காத ஆள் என்று உறுதியாகத் தெரிந்தால் கூகுளிடம் முறையிடுங்கள். சுடுதண்ணி வரவில்லை என்று உண்மையாகவே எழுதியிருந்தால் கீசரைத் திருத்திவிட்டு, ‘திருத்திவிட்டோம்’ என்று கீழே பதில் எழுதுங்கள். அடுத்து வருகிறவர் அந்தப் பதிலையும் வாசிப்பார்.

அண்ணன் கடைக்கு ஐயாயிரம் லைக் விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா அக்கா?

வேண்டாம். ஆரம்பத்தில் ஒரு கேக் கடைக்காக நானே வாங்கிக் கொடுத்தேன். அந்த லைக் போட்டவர்களில் ஒருவர்கூட ஹட்டன் ஆள் இல்லை. அவர்கள் எதையும் பார்ப்பதில்லை, அதனால் போடுகிற பதிவு உண்மையான வாடிக்கையாளருக்கும் போய்ச் சேராமல் நின்றுவிட்டது. கடைசியில் பக்கத்தையே புதிதாகத் தொடங்கினோம். அந்தக் கடைக்கார அக்காவின் காசை நான் வீணாக்கியது இன்னும் மனதில் இருக்கிறது.

பதுளையில் சாரி விற்கிறேன். கேஷ் ஒன் டெலிவரியில் அனுப்புகிற பார்சல் நிறையத் திரும்பி வருகிறது, முக்கியமாகத் தோட்டங்களுக்குப் போவது. தோட்டத்துக்கு அனுப்புவதையே நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள் தங்கச்சி. ஆட்களைக் குறை சொல்லவும் வேண்டாம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பல வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது, கடிதம்கூடத் தோட்ட ஒபிசுக்குத்தான் போகும். கூரியர் பையன் சந்தியில் நின்று போன் பண்ணுவான். அந்த நேரம் ஓடர் போட்டவர் மலையில் வேலையில் இருப்பார், சிக்னலும் இருக்காது. இரண்டு தடவை எடுக்காவிட்டால் பார்சல் திரும்பிவிடும்.

ஓடர் எடுக்கும்போதே தோட்டம், டிவிசன், பக்கத்துக் கடை, பின்னேரம் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்று கேட்டு எழுதுங்கள். வீட்டில் இன்னொருவருடைய நம்பரும் வாங்குங்கள். அனுப்புவதற்கு முதல் நாள் ஒரு குரல் செய்தி போடுங்கள். கூரியர் செலவை மட்டும் முற்பணமாகக் கேட்கலாம், முழுக்காசையும் கேட்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஒரு சந்திக் கடைக்காரரோடு பேசி, பார்சலுக்கு இவ்வளவு என்று கொடுத்து அங்கே வைக்கச் செய்யலாம். பொகவந்தலாவைப் பக்கம் அனுப்புகிற ஒரு கடைக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன், திரும்பி வருவது நன்றாகவே குறைந்தது.

இன்னொன்று. விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மெரூனாகத் தெரிகிற சாரி கையில் கிடைக்கும்போது சிவப்பாக இருந்தால், அந்தப் பார்சல் திரும்பி வருவது நியாயம்தான். பகலில் முற்றத்தில் வைத்து எடுங்கள்.

ரீலோட் கடை (போனுக்குக் காசு போடுகிற கடை) வைத்திருக்கும் நண்பர் அவரிடம் வருகிறவர்களின் நம்பர் எல்லாம் தருகிறார். வட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பலாமா?

கூடாது. அவர்கள் ரீலோட் போடக் கொடுத்த நம்பர் அது. விளம்பரச் செய்திக்குச் சம்மதம் வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. உங்கள் நம்பரை சேவ் செய்யாதவருக்கு வட்ஸ்அப் பிரோட்காஸ்ட் (ஒரே தடவையில் பலருக்கு அனுப்புவது) போகவும் போகாது. தனித்தனியாக அனுப்பினால் ரிப்போர்ட் அடிப்பார்கள், நம்பர் முடங்கும். இரவில் தெரியாத நம்பரிலிருந்து மெசேஜ் வந்தால் ஒரு பெண்பிள்ளை எப்படிப் பயப்படுவாள் என்பதையும் யோசியுங்கள். கடையில் ஒரு கொப்பி வையுங்கள், விரும்பியவர்கள் எழுதட்டும்.

மூலிகைத் தேத்தண்ணிக்கு ‘சீனி வியாதி மாறும்’ என்று போடச் சொல்கிறார் முதலாளி. நான் வெறும் டிசைனர்தான்.

போடாதீர்கள். அதை நம்பி ஒருவர் மெட்போர்மின் குளிசையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று முதலாளியிடம் நேராகக் கேளுங்கள். பிழையான விளம்பரத்தால் நுகர்வோரை ஏமாற்றுவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து யாரும் முறையிடலாம் என்பதையும் சொல்லுங்கள். அந்த வரிக்குப் பதிலாக அதில் என்னென்ன இலை இருக்கிறது, எப்படிக் காய வைத்தார்கள் என்று எழுதிக் கொடுங்கள். எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.