ஐந்தே நிமிடத்தில் குடித்து முடிக்கும் குழந்தைக்குக் கெட்டிப் பால் கிடைக்கிறதா?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வாரம் ஆகிறது. பிறந்தபோது 2.8 கிலோ. நேற்று தடுப்பூசிக்குப் போனபோது 4.7 கிலோ. முதல் மாதத்தில் அரை மணி நேரம் குடித்தவள் இப்போது ஐந்தாறு நிமிடத்தில் வாயை எடுத்துவிடுகிறாள். முதலில் வருவது வெறும் தண்ணிப்பால், கால் மணி நேரம் கழித்துத்தான் கெட்டிப் பால் இறங்கும் என்கிறார் மாமியார். பீய்ச்சிப் பார்த்தால் எனக்கும் முதலில் நீலம் பாய்ந்த மாதிரிதான் வருகிறது. இரண்டு பக்கமும் கிடைக்கட்டும் என்று மூன்று நிமிடத்தில் பக்கம் மாற்றிவிடுகிறேன். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் மலம் போகிறாள். பவுடர் பால் சேர்த்துக் கொடுக்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: பவுடர் பால் வேண்டாம். உங்கள் கடிதத்தில் நான் முதலில் பார்த்தது நிமிடக் கணக்கை அல்ல, எடையை. எழுபது நாளில் 1,900 கிராம் கூடியிருக்கிறது. நாளுக்குச் சராசரியாக 27 கிராம். முதல் மூன்று மாதத்தில் 20 முதல் 30 கிராம் வரை கூடினாலே போதும். கொழுப்பில்லாத பாலை மட்டும் குடித்து ஒரு குழந்தை இப்படி எடை போடாது, ஏனென்றால் தாய்ப்பாலின் சக்தியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது.

அதற்காக மாமியார் சொல்வது கட்டுக்கதையும் இல்லை. ஒரே வேளையில் முதலில் வரும் பாலைவிடக் கடைசியில் வரும் பாலில் கொழுப்பு அதிகம், சில சமயம் இரண்டு மூன்று மடங்குகூட. நீங்கள் பீய்ச்சிப் பார்த்த நீலமும் அதனால்தான். ஆனால் தேங்காயைப் பிழிந்து முதல் பால், இரண்டாம் பால் என்று தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்துவைப்பதுபோல மார்புக்குள் இரண்டு வகைப் பால் இல்லை. சுரப்பது ஒரே பால். அதிலுள்ள கொழுப்புத் துளிகள் சுரப்பிகளின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். மார்பு நிரம்பியிருக்கும்போது தண்ணீர்ப் பகுதி முந்திக்கொண்டு வருகிறது. பால் குறையக் குறைய, ஒட்டியிருந்த துளிகள் கழன்று கூடவே வருகின்றன. பத்தாவது நிமிடத்தில் திறக்கும் கதவு எதுவும் உள்ளே கிடையாது. கொழுப்பின் அளவைத் தீர்மானிப்பது கடிகாரம் அல்ல, அந்த நேரத்தில் மார்பு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். நான்கு மணி நேர இடைவெளிக்குப் பிறகு கொடுத்தால் முதல் சில மிடறு நீர்த்துத்தான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் அதே பக்கம் மறுபடி கொடுத்தால், போன தடவை விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கும். அதாவது தொடக்கமே கொழுப்போடு இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி குடிக்கிற குழந்தையும் நிதானமாக வயிறு முட்டக் குடிக்கிற குழந்தையும் நாள் முடிவில் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேருவது இதனால்தான். இரவு நீண்ட நேரம் தூங்கி எழுந்த காலையில் பால் நிறைய இருக்கும், கொழுப்பு குறைவு. சாயங்காலம் மார்பு தளர்ந்து, 'பாலே இல்லையே' என்று நீங்கள் நினைக்கிற நேரத்தில் அளவு குறைவு, கொழுப்பு அதிகம்.

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹார்ட்மன் குழுவினர் இதை அளந்தே பார்த்தார்கள். தாய்ப்பால் மட்டும் குடித்த, ஒன்று முதல் ஆறு மாதம் வரையிலான 71 குழந்தைகள். ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் எடை பார்த்து, பாலின் கொழுப்பையும் சோதித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு நாளில் ஆறு தடவை குடித்த குழந்தையும் இருந்தது, பதினெட்டுத் தடவை குடித்த குழந்தையும் இருந்தது. நாள் முழுவதும் சேர்ந்த கொழுப்பின் அளவு எத்தனை தடவை குடித்தார்கள் என்பதைப் பொறுத்து மாறவில்லை. எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது வேறொன்று: குழந்தைகள் மார்பைக் காலி செய்யவே இல்லை. இருந்த பாலில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கைத்தான் குடித்தார்கள். 'ஒட்டக் குடித்தால்தான் சத்து' என்று பிள்ளையைப் பிடித்துவைத்துக் கட்டாயப்படுத்தும் வீடுகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து கிளம்பியது? பெரும்பாலும் 1988இல் லான்செட் மருத்துவ இதழில் உல்ரிட்ஜும் ஃபிஷரும் எழுதிய கட்டுரையிலிருந்து. பால் தாராளமாக இருந்தும் குழந்தை ஓயாமல் அழுகிறது, வயிறு உப்புகிறது, பச்சையாக இளகிப் போகிறது. காரணத்தைத் தேடியவர்கள் பாலூட்டும் முறையைப் பார்த்தார்கள். நேரம் பார்த்துப் பாதியில் எடுத்து மறு பக்கம் மாற்றினால், இரண்டு பக்கமும் முன்னால் வரும் பாலே வயிற்றை நிரப்பிவிடும். அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை நிறைய, கொழுப்பு குறைவு. அவர்கள் சொன்ன தீர்வு, முதல் பக்கத்தைக் குழந்தை தானாக முடிக்க விடுங்கள் என்பதுதான். கடிகாரத்தை நம்பாதீர்கள் என்று சொல்ல வந்த விஷயம், ஊர் சுற்றி வந்து சேர்ந்தபோது 'கட்டாயம் இருபது நிமிடம் கொடு' என்ற இன்னொரு கடிகாரமாக மாறிவிட்டது.

இங்கேதான் உங்களிடம் ஒன்றைத் திருத்த வேண்டும். மூன்று நிமிடத்தில் பக்கம் மாற்றுவதை இன்றோடு விடுங்கள். ஒரு பக்கம் வைத்தால் அவள் போக்கில் விடுங்கள். முதலில் வேகமாகச் சப்புவாள். பால் இறங்கியதும் தாடை ஆழமாக இறங்கி, நின்று, விழுங்குவாள். விழுங்கும் சத்தம் உங்களுக்கே கேட்கும். பிறகு விழுங்குவது குறைந்து சும்மா சப்பிக்கொண்டிருப்பாள். தானாக விடுவாள், இறுக்கி மூடிய கை விரிந்து தொங்கும். அது நான்காவது நிமிடமா பதினைந்தாவதா என்பது அவள் பாடு. தோளில் போட்டு ஏப்பம் எடுத்துவிட்டு மறு பக்கம் காட்டுங்கள். குடித்தால் சரி, முகத்தைத் திருப்பினாலும் சரி. அடுத்த வேளை அந்தப் பக்கத்தில் தொடங்குங்கள்.

அரை மணி ஐந்து நிமிடமானதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பத்து வாரத்தில் சப்பும் பலம் கூடியிருக்கும், உங்களுக்கும் பால் சட்டென இறங்கப் பழகியிருக்கும். இதே சமயத்தில்தான் மார்பு முன்புபோல் கட்டாமல் தளர்ந்திருக்கும். பால் வற்றிவிட்டதாகப் பலர் பவுடர் டப்பாவைத் திறப்பது இந்த வாரங்களில்தான். உண்மையில் தேவைக்கு ஏற்றபடி சுரப்பு சீராகிவிட்டதன் அடையாளம் அது. பவுடர் பால் வயிற்றை நிரப்பினால் அவள் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும். இல்லாத பற்றாக்குறையை நாமே உண்டாக்கிவிடுவோம்.

மூன்று நாளைக்கு ஒருமுறை மலம் போவதும் ஆறு வாரத்துக்குப் பிறகு பல தாய்ப்பால் குழந்தைகளிடம் பார்ப்பதுதான். இளகலாகப் போய், வயிறு கல்லாக உப்பாமல் இருந்தால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எப்போதாவது பச்சையாகப் போனாலும் பயம் வேண்டாம். தொடர்ந்து பச்சையாக, நுரை நுரையாகப் போகிறது, பால் பீய்ச்சி அடித்துக் குழந்தைக்குப் புரையேறுகிறது என்றால் பால் மிகுதியாக இருக்கலாம். அப்போது பாலூட்டல் ஆலோசகரை நேரில் பாருங்கள். வேளைக்கு ஒரு பக்கம் என்று நீங்களாக நிறுத்திப் பார்க்க வேண்டாம், பால் கட்டிக்கொள்ளும். மலத்தில் ரத்தம் தெரிந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வீட்டில் எண்ண வேண்டியது சிறுநீரைத்தான். ஒரு நாள் டயப்பரை விட்டுவிட்டுத் துணி கட்டிப் பாருங்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் ஆறு துணியாவது நன்றாக நனைந்து, நிறம் வெளிறியிருந்தால் பால் போதுகிறது. தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் புகட்டினால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். சித்திரை வெயிலாக இருந்தாலும் ஆறு மாதம் வரை தண்ணீர் தேவையில்லை. முன்னால் வரும் நீர்த்த பாலே அந்தத் தாகத்துக்குத்தான், அதை மட்டமாகப் பேசாதீர்கள்.

குறைந்த நேரம் குடிப்பது கவலைக்குரியதாகும் இடங்களும் உண்டு. பிறந்து இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிப் பிடிக்காத குழந்தை, குறைமாதக் குழந்தை, மஞ்சள் காமாலையோடு மார்பில் வைத்ததும் தூங்கிவிடும் குழந்தை ஆகியோர் நிமிடங்களில் வாயை எடுத்தால் அது வயிறு நிறைந்ததால் அல்ல, களைத்துப்போனதால். மெல்ல மார்பை அழுத்திக் கொடுப்பது, உள்ளங்காலைத் தடவி எழுப்புவது எல்லாம் இவர்களுக்குத்தான், கூடவே மருத்துவரின் கண்காணிப்பும் வேண்டும். காம்பு வெடித்து வலிக்கிறது, வாய் எடுக்கும்போது காம்பு நசுங்கியிருக்கிறது, குடிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வருகிறது என்றால் வாய் வைக்கும் விதத்தையும் நாக்கின் அடியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது: குடிக்கும்போது நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, இரண்டு நிமிடத்தில் சோர்ந்து விட்டுவிடும் குழந்தைக்கு இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும், அதே நாளில்.

மாமியார் செய்துதரும் பூண்டுக் குழம்பையும் சுறாப்புட்டையும் சாப்பிடுங்கள், உங்கள் உடம்புக்கு நல்லது. நெய் கூடினால் பாலில் கொழுப்பு கூடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நீங்கள் சாப்பிடும் கொழுப்பின் வகை பாலில் தெரியும், மொத்த அளவு பெரிதாக மாறாது.

நேற்று தடுப்பூசி போட்டிருப்பதால் ஓரிரு நாள் இன்னும் குறைவாகக் குடிக்கலாம். அந்த நாட்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆனால் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, எழுப்பியும் குடிக்க மறுத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த தடுப்பூசி பதினான்காவது வாரம். அதே தராசில், அதே அளவு உடுப்போடு எடை பாருங்கள். அங்கன்வாடித் தராசும் ஆஸ்பத்திரித் தராசும் நூறு இருநூறு கிராம் வித்தியாசம் காட்டி வீட்டில் வீண் சண்டையைக் கிளப்பும். 5.2 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். அதற்குக் குறைந்தால் தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். அங்கேயே ஒரு வேளை பால் கொடுத்துக் காட்டுங்கள், அதையும் சேர்த்துப் பார்த்த பிறகு அவர் முடிவு சொல்லட்டும்.