பைக்குள் அடங்கும் 70 மி.மீ. தொலைநோக்கியை முக்காலியோடு வாங்கலாமா?

பள்ளியில் படிக்கும் மகளுக்காக, 70 மி.மீ. வில்லையும் 400 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட சிறிய தொலைநோக்கியை வாங்கலாமா, அதோடு வரும் முக்காலி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அதே அளவுள்ள ஒன்று இப்போது நிற்கிறது. வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆகவே இது முதல் அபிப்பிராயம்தான், தீர்ப்பு அல்ல.

குழாயை நம்பி வாங்கலாம். முக்காலியை இலவச இணைப்பாக மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

முதலில் குழாயின் பெருமை. இருட்டில் நம் கண்மணி அதிகம் போனால் 7 மி.மீ. விரியும். அதைவிடப் பத்து மடங்கு அகலமான வில்லை என்றால் நூறு மடங்கு வெளிச்சம். கூடவே வரும் 20 மி.மீ. கண்வில்லை (கண் வைத்துப் பார்க்கும் முனையில் செருகும் சிறு வில்லை) 20 மடங்கு பெரிதாக்குகிறது, 10 மி.மீ. வில்லை 40 மடங்கு. 1610இல் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டதும் ஏறத்தாழ 20 மடங்கு உருப்பெருக்கத்தில்தான். அவர் பார்த்ததைவிட அகலமான வான்பரப்பை, அதைவிடத் தெளிவாக உங்கள் மகள் பார்ப்பாள்.

நிலவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பௌர்ணமியன்று மட்டும் தவிருங்கள். நிழலே விழாததால் வெள்ளையடித்த சுவர் மாதிரி தட்டையாக இருக்கும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களும் மலைத்தொடர்களும் புடைத்துத் தெரியும். கார்த்திகைக் கூட்டம் 20 மடங்கில் முழுதாக அடங்கிவிடுகிறது. இந்தச் சிறு குழாய்க்கு அதுதான் சரியான தீனி என்பேன். ஏப்ரல், மே மாத இரவுகளில் தெற்கே ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தைத் தேடிப் பாருங்கள். லண்டன்காரர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்கு 30 பாகை உயரம் வரை ஏறுகிறது.

வியாழன் பூமிக்கு நெருங்கி வரும் காலத்தில், 40 மடங்கில், வெறுங்கண்ணுக்கு நிலவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகத் தெரியும். கணக்கு சரிதான், ஆனால் பார்க்கிற யாரும் நம்ப மாட்டார்கள். 'இத்தனூண்டுதானா?' என்பார்கள். சுற்றிலும் கருப்பு வெளி இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. சனியின் வளையங்கள் 2025 மார்ச்சில் விளிம்புவாட்டில் திரும்பியதால் இப்போதைக்கு ஒல்லியாகத்தான் இருக்கின்றன. ஆண்டுக்காண்டு விரிந்து 2032 வாக்கில் நன்றாகத் திறந்துகொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. நிலவின் விளிம்பில் ஊதா நிறம் கசிகிறது. குட்டையான குழாயில், இரண்டே கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த வில்லையில், இது தவிர்க்க முடியாதது. எனக்கு உறுத்தவில்லை. சில பெட்டிகளில் 300 மடங்கு என்று அச்சிட்டிருப்பார்கள். 70 மி.மீ. வில்லையில் 140 மடங்கைத் தாண்டினால் உருவம் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது. இந்த முக்காலியில் அந்த 140கூட ஏட்டுச்சுரைக்காய்தான்.

இனி முக்காலி. இது வானத்துக்காகச் செய்ததே அல்ல, கேமராவுக்கான எடை குறைந்த அலுமினியக் கால்கள். 40 மடங்கு பெரிதாக்கினால் நடுக்கமும் 40 மடங்கு பெரிதாகும். குவியத்தைச் சரிசெய்யத் திருகைத் தொட்டாலே வியாழன் துள்ளுகிறது, அடங்க ஐந்தாறு விநாடிகள் ஆகின்றன. வானமோ சும்மா நிற்பதில்லை. நிலவு தன் அகலத்தை இரண்டு நிமிடங்களில் கடந்துவிடும். அதனால் அடிக்கடி குழாயை நகர்த்த வேண்டும், ஒவ்வொரு முறையும் ஆட்டம் அடங்கக் காத்திருக்க வேண்டும். பிடியை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் குழாயின் தலை சற்றே தொங்குகிறது. பார்க்க வேண்டியதற்குக் கொஞ்சம் மேலே குறிவைத்து இறுக்குவது இப்போது கைப்பழக்கமாகிவிட்டது.

வெளிநாட்டு விமர்சனங்களில் அதிகம் பேசாத சங்கடம் ஒன்று நமக்கு உண்டு. லண்டனில் சில ஆண்டுகளில் வியாழன் 20 பாகை உயரத்தைக்கூடத் தொடாது. திருச்சியிலோ வியாழனும் சனியும் உச்சத்துக்கு வரும்போது 50 பாகைக்குக் கீழே இருப்பதே இல்லை, பல ஆண்டுகளில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கும். கேமரா முக்காலி அங்கேதான் கைவிரிக்கிறது: குழாயின் வால் காலில் இடிக்கிறது, கைப்பிடி நெஞ்சில் குத்துகிறது. குழாயின் பின்முனையில் செருகி, பார்வையை மேல்நோக்கி மடக்கித் தரும் 45 பாகை பட்டகம் கூடவே வருகிறது; பறவைகளைப் பார்க்க அது அருமையானது, உருவத்தை நிமிர்த்திக் காட்டும். உச்சி வானத்துக்கு அது கழுத்துக்குச் செய்யும் தண்டனை. அதற்குப் பதிலாகச் செருக, பார்வையைச் செங்கோணத்தில் மடக்கும் 90 பாகை மூலைக் கண்ணாடி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கோள் உச்சிக்கு வருவதற்கு முன்போ பின்போ, கிழக்கிலோ மேற்கிலோ சாய்ந்திருக்கும்போது பாருங்கள்.

உள்ள முக்காலியையே ஓரளவு திருத்தலாம். கால்களை நீட்டாதீர்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். உட்கார்ந்து பார்க்கும் உயரமே போதும். நடுவில் மணல் நிரப்பிய துணிப்பையைக் கட்டித் தொங்கவிட்டால் நடுக்கம் கண்கூடாகக் குறைகிறது. மாடியில் யாரும் நடமாடாமல் இருந்தால் இன்னும் நல்லது (இதைக் குழந்தைகளிடம் சொல்லிப் பயன் இல்லை). பகல் முழுக்கச் சூடு குடித்த தளம் முன்னிரவில் அதைக் கக்கும்போது உருவம் நெளியும். ஒன்பது மணிக்கு மேல் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், பெரிய தொலைநோக்கிக்குத் தாவாமல், கல்யாண வீடியோ எடுப்பவர்கள் கழித்துப்போடும் கனமான பழைய ட்ரைபாட் ஒன்றைத் தேடுங்கள். இந்தக் குழாய்களின் அடியில் பெரும்பாலும் கேமராவுக்கான கால் அங்குலத் திருகுத்துளையே இருப்பதால் அப்படியே பொருந்தும். வாங்குமுன் தலைப்பகுதி செங்குத்தாக மேலே பார்க்கும் அளவுக்குச் சாய்கிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். நான் நண்பரிடம் இரவல் வாங்கிப் பொருத்திப் பார்த்தேன். தொட்டதும் ஒரு விநாடியில் உருவம் நிலைத்தது. மங்கலாக ஒரே பட்டையாகத் தெரிந்த வியாழனில் இரண்டு மேகப் பட்டைகள் பிரிந்து தெரிந்தன. குழாயும் வில்லையும் அதேதான்.

சூரியன் பக்கம் மட்டும் பெரியவர் துணை இல்லாமல் மகள் குழாயைத் திருப்பவே கூடாது. குழாயின் முன்வாயை முழுதாக மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் ஒரு நொடி பார்த்தாலும் பார்வை போகும். கண்வில்லையில் திருகும் சின்னக் கருப்புக் கண்ணாடி சூட்டில் வெடிக்கக்கூடும், அதைக் குப்பையில் போடுங்கள். வடிகட்டியோடு பார்க்கும்போதும், பக்கத்தில் குறிபார்ப்பதற்காக இருக்கும் சின்னத் தேடுகுழாயைக் கழற்றி வைத்துவிடுங்கள்.