ஜீன் குடும்பத்துக்கும் உப்பைத் தாங்கும் தக்காளிக்கும் என்ன தொடர்பு?

ஒரு ஜீன் காலப்போக்கில் நகலாகி, ஒவ்வொரு நகலும் கொஞ்சம் வேறு வேலைக்குப் போனால் அதுதான் ஜீன் குடும்பம். அண்ணன் தம்பி மாதிரி. சாயல் ஒன்று, பிழைப்பு வேறு.

என்.எச்.எக்ஸ். என்ற ஜீன் குடும்பத்தையே பாருங்கள். கடுகின் உறவான அராபிடாப்சிஸ் செடியில் இதில் 8 பேர். முதல் நால்வர், உப்பில் இருந்து வந்து செடியைக் கெடுக்கும் சோடியத்தைச் செல்லுக்குள் இருக்கும் பெரிய குமிழியில் போட்டு அடைப்பவர்கள். ஏழாமவர் அதைச் செல்லுக்கு வெளியே தள்ளுபவர்.

2001-இல் அந்த முதல் ஜீனைத் தக்காளியில் சேர்த்துப் பார்த்தார்கள். ஊற்றிய தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 12 கிராம் உப்பு, அதாவது கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு. செடி பூத்தது, காய்த்தது. சோடியம் இலையில் குவிந்தது. பழத்தில் மிகக் குறைவு. சாப்பிடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்!

சரி, வயலில்? அங்கே வெயில், வறட்சி எல்லாம் சேர்ந்து அடிக்கும். ஒரு ஜீன் போதாது. வேரிலிருந்து சோடியம் மேலேறாமல் மறிக்கும் எச்.கே.டி. போன்ற மற்றக் குடும்பங்களும் கைகொடுக்க வேண்டும்.